ஆறு வட்டையும் ஒரு வாய்ச்சியும்

தேனி வட்டாரத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டி செய்த ஓர் ஆசாரியின் கருவிகள் அத்தனையும் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். கோடாலி, வாய்ச்சி, கைவாள், நாலைந்து உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, துறப்பணம், கவராயம், மூலைமட்டம், ஒரு கண்டு நூல். பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். இதே வேலையைச் செய்த இங்கிலாந்துப் பட்டறைகளின் சுவரைப் பார்த்தால் காட்சி வேறு. ஃபார்னம் ஊரில் குடும்ப வண்டிப் பட்டறையை 1884இல் ஏற்று நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட், சக்கரத் தச்சு பற்றி 1923இல் ஒரு நூல் எழுதினார். அந்த மரபில் ஆரக்காலைச் சீவ ஒரு கருவி, உட்குழிவை இழைக்க வளைந்த அடியுள்ள ஓர் இழைப்புளி, இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும் கத்தி என்று வளைவுக்கென்றே தனிக் கருவிகள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு முடிவு தானாகவே தோன்றும்: அங்கே கருவி பெருகியது, கலை வளர்ந்தது, இங்கே கருவி பெருகவில்லை, கலையும் நின்ற இடத்திலேயே நின்றது. காலனிய காலத்து எழுத்திலும், அதற்குப் பிறகு நம்முடைய வளர்ச்சித் திட்டப் பேச்சிலும் நாட்டு வண்டியைப் பற்றிய இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. இது தவறு என்பதே என் வாதம். தேனி வட்டாரத்தின் வளைந்த மரப்பொருள்களில் வளைவைத் தேடித் தந்தவை மரத்தைத் தேர்ந்த கண்ணும் நூல்கயிற்றின் கணக்கும். வாய்ச்சி அந்த இரண்டையும் நிறைவேற்றியது. அதனால்தான் கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை.

வாய்ச்சியிலிருந்தே தொடங்கலாம். கோடாலியின் வாய் கைப்பிடியின் திசையிலேயே இருக்கும். வாய்ச்சியின் வாய் கைப்பிடிக்குக் குறுக்கே திரும்பியிருக்கும். ஆசாரி குந்தி உட்கார்ந்து, மரத்தை இரண்டு பாதங்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன்னை நோக்கிக் கொத்துவார். பிடிப்பதற்கு மேசையும் கிடையாது, இடுக்கியும் கிடையாது, பாதமே இடுக்கி. மரத்தைப் புரட்ட வேண்டுமானால் காலால் புரட்டிவிட்டு அடுத்த வெட்டைப் போடலாம். கை மணிக்கட்டில் சுழல்வதால் வாய்ச்சியின் வாய் எப்போதும் ஒரு வில்லில்தான் பயணம் செய்கிறது. நேராகப் போகும் இழைப்புளியைக் கொண்டு வளைவு செய்வதென்றால் கருவியின் அடியையே வளைத்தாக வேண்டும். வாய்ச்சிக்கு வளைவு அதன் அசைவிலேயே இருக்கிறது. கொத்து ஆழமாக விழுந்தால் குழிவு, மேலோட்டமாக விழுந்தால் புடைப்பு, முனையை மட்டும் பாவினால் மழமழப்பு. ஒரே இரும்பு மூன்று வேலை செய்கிறது. இன்னொன்றும் உண்டு, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ரம்பம் மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடினாலும் கேட்காமல் அறுத்துக்கொண்டு போகும். வாய்ச்சி அப்படிப் போகாது. நாரோடு கொத்தினால் சில்லு நீளமாகச் சுருண்டு விழும். நாருக்கு எதிராகக் கொத்தினால் வாய் உள்ளே கடித்து நிற்கும், மரம் பிளக்கப் பார்க்கும். ஒவ்வொரு கொத்திலும் மரத்தின் உள்ளோட்டம் கைக்குத் தெரிந்துவிடுகிறது. வெட்டுவதும் சோதிப்பதும் ஒரே செயலாக இருக்கும் கருவி அது.

இதை வண்டிச் சக்கரத்தில் வைத்துப் பார்ப்போம். நடுவில் குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றின் மறுமுனையைச் சேர்த்துப் பிடிக்கும் வட்டைகள், வெளியே இரும்புப் பட்டா. வளைவு முழுவதும் வட்டையில் இருக்கிறது. நாட்டுச் சக்கரத்தில் பொதுவாக ஆறு வட்டை, பன்னிரண்டு ஆரக்கால். அல்லது ஏழு வட்டை, பதினான்கு ஆரக்கால். ஒரு வட்டைக்கு இரண்டு கால். ஏன் நான்காக இல்லை? நான்கு போதுமென்றால் மூட்டுகள் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். சக்கரத்தின் விட்டம் 5 அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை கிடைக்கிறது. நான்கு வட்டையில் செய்தால் ஒவ்வொரு துண்டும் நடுவில் 9 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் புடைக்க வேண்டும். நேரான பலகையிலிருந்து வெட்டினால் துண்டின் இரு முனைகளிலும் நார் 45 டிகிரி சாய்ந்து வெளியே வந்துவிடும். சுமை ஏறியதும் அந்த முனை தெறிக்கும். ஆறாகப் பிரித்தால் புடைப்பு 4 அங்குலம், நாரின் சாய்வு 30 டிகிரி. ஏழாகப் பிரித்தால் புடைப்பு 3 அங்குலம், சாய்வு 26 டிகிரிக்குள். மரத்தின் அகலத்தையும் பாருங்கள். வட்டையின் கனம் நாலரை அங்குலம் என்றால், நான்கு வட்டைச் சக்கரத்துக்கு ஓரடி அகலமுள்ள பலகை வேண்டும். ஆறு வட்டைக்கு எட்டு அங்குலம் போதும். ஊர்க் கண்மாயில் வளர்ந்த கருவேலமரத்தில் எட்டு அங்குலம் சுலபமாகக் கிடைக்கும், பழுதில்லாத ஓரடி தேடினாலும் கிடைப்பது அரிது. இதற்கு மேல் ஒரு வசதி இருக்கிறது. வட்டத்தின் ஆரமும், அதை ஆறாகப் பிரிக்கும் துண்டின் நீளமும் ஒன்றே. வட்டம் போட்ட அதே கயிற்றை வட்டத்தின் மேல் ஆறு முறை பாவினால் ஆறு வட்டைக்கும் அளவு கிடைத்துவிடும். கோணமானி வேண்டியதில்லை, எழுத்துக் கணக்கு வேண்டியதில்லை. வளைவு என்ற சிக்கலில் பாதி, கருவியை எடுப்பதற்கு முன்பே தீர்ந்துபோனது.

மீதிப் பாதி மரத்தில் தீர்ந்தது. இரண்டரை அடி நீளத்தில் மூன்று நான்கு அங்குலம் வளைந்த கிளை கருவேலமரத்தில் அபூர்வமல்ல. அப்படிப்பட்ட கிளையை எடுத்து வாய்ச்சியால் செதுக்கினால் நார் வட்டையின் வளைவோடு கூடவே ஓடும், முனையில் அறுபடாது. கலப்பையில் இது இன்னும் தெளிவு. நாட்டுக் கலப்பையின் உடல் ஒரே மரத்துண்டு. கொழு பதியும் அடிப்பகுதிக்கும் மேலே எழும் பகுதிக்கும் நடுவில் திருப்பம் இருக்கிறது. மண்ணின் எதிர்ப்பும் மாட்டின் இழுப்பும் வந்து மோதும் இடம் அந்தத் திருப்பம்தான். அதை நேர்மரத்திலிருந்து வெட்டினால் கரிசலிலோ செம்மண்ணிலோ ஒரு பருவம் தாங்காது. ஆகவே தண்டிலிருந்து கிளை பிரியும் கவட்டையைத் தேடிப் போனார்கள். அங்கே நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மரம் தன் கிளையைக் காற்றில் தாங்குவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை உழவர் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டார். நுகத்தடிக்கு வேறு கணக்கு: மாட்டின் கழுத்தில் உட்காருவது என்பதால் எடை குறைந்த, ஆனால் உடையாத மஞ்சணத்தி. கருவேலம் எங்கே, மஞ்சணத்தி எங்கே, வாகை எங்கே என்று பிரித்து வைத்த அறிவு கருவிப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. ஆனால் அங்கே கருவி செய்ய வேண்டிய வேலையை இங்கே செய்தது இந்த அறிவுதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். மரத்தை ஆவியில் வேகவைத்து வளைக்கும் முறையை மேற்கு கண்டுபிடித்ததே, வியன்னாவில் மிஹாயேல் தோனெட் 1859இல் 14ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்து உலகம் முழுக்க விற்றாரே, நம் ஆசாரிகளுக்கு அது ஏன் தோன்றவில்லை? தோனெட் வளைத்தது பீச் மரம். குளிர்நாட்டு மரங்களில் பீச், ஆஷ், ஓக் போன்றவை ஆவிக்கு நன்றாக இளகிக் கொடுப்பவை. வெப்பநாட்டுக் கெட்டி மரங்கள் பெரும்பாலும் அப்படி இளகுவதில்லை. வளைக்கப் போனால் வெளிப்பக்க நார் கிழியும். ஆக, இல்லாமல் போனது யோசனை அல்ல, அந்த யோசனைக்கு இசையும் மரம். வளைந்த மரத்தைத் தேடிப்போகும் வழக்கம் ஏழ்மையின் அடையாளமும் அல்ல. உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்திருந்த பிரிட்டனே கப்பலின் விலாச் சட்டங்களுக்குக் கோணல் ஓக் மரங்களைக் காடு காடாகத் தேடிக் குறித்து வைத்தது. நம் கிழக்குக் கரையில் தோணி கட்டுகிறவர்கள் விலாவுக்கு வளைந்த கிளையைத் தேடுவதும் அதே காரணத்தால்தான்.

சரி, மரமும் கணக்கும் ஒத்துக்கொண்டாலும் கைவேலை கரடுமுரடாகத்தானே இருந்தது என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குப் பட்டா கட்டும் வேலையே பதில். ஆறு வட்டையும் பூட்டிய சக்கரத்தைத் தரையில் கிடத்தி வைத்திருப்பார்கள். அதைவிடச் சற்றுச் சிறிய சுற்றளவில் கொல்லர் இரும்புப் பட்டாவை வளைத்து ஒட்டியிருப்பார். எருவாட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டா செக்கச் சிவந்ததும் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்கார வைத்து, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீரை ஊற்றுவார்கள். 5 அடிச் சக்கரத்தின் சுற்றளவு 188 அங்குலம். 600 டிகிரி சூடேறினால் இரும்பு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விரியும், அவ்வளவுதான். அந்த ஒன்றேகால் அங்குலத்துக்குள் பட்டா ஏறவும் வேண்டும்; ஆறியபின் ஆறு மூட்டுகளையும் பன்னிரண்டு ஆரக்கால்களையும் குடத்தோடு நெருக்கவும் வேண்டும். வட்டைகளின் வெளிவளைவு ஒழுங்கில்லாமல் இருந்தால் பட்டா ஓரிடத்தில் தொட்டு ஓரிடத்தில் தொடாமல் நிற்கும். மூட்டில் இடைவெளி கூடுதலாக இருந்தால் இரும்பு இறுக்கும் பலம் எல்லாம் அந்த இடைவெளியை மூடுவதிலேயே தீர்ந்துபோகும். வாய்ச்சியும் உளியும் கரடுமுரடாக வேலை செய்திருந்தால் நாட்டுச் சக்கரம் முதல் சந்தைக்குப் போய்த் திரும்பியிருக்காது. சக்கரம் எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது தமிழில் மிகப் பழைய செய்தி. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வலிமைக்கு உவமை தேடும்போது, ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தைச் சொல்கிறார். அது அரசனின் போர்த்தேர், ஊர் வண்டி அல்ல, மிகைப்படுத்தலும் உண்டு. ஆனாலும் தேரைவிடச் சக்கரத்துக்குத்தான் நேரம் பிடிக்கும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் அந்த உவமை நிற்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து, காலங்காலமாக மாறாத கிராமத்துக் கைத்தொழில் என்று யாராவது படம் வரைந்துகொண்டால் அதுவும் பிழை. கம்பம் பள்ளத்தாக்கின் வண்டித் தச்சு தன் பெருவாழ்வைப் பெற்றது ஒரு நவீன நிகழ்ச்சியால். 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை இன்றும் வீட்டில் பிள்ளைகளுக்கு வைக்கும் ஊர்கள் இவை. அந்த அணைக்கான தளவாடங்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தேனி வழியாக மாட்டு வண்டியில் கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். நீர் வந்தபின் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் என்ற ஏற்பாடு நிலைத்தது. இரண்டு போகம் என்றால் உழவும் இரண்டு மடங்கு. கலப்பை தேய்வதும் எரு அடிப்பதும் கதிர் ஏற்றுவதும் நெல் சந்தைக்குப் போவதும் இரண்டு மடங்கு. எந்திரங்கள் மலை மேல் வேலை செய்த அதே ஆண்டுகளில், அவற்றின் பாகங்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது வாய்ச்சியால் செதுக்கிய சக்கரம். இரண்டையும் பழமை, புதுமை என்று எதிரெதிரே நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒன்று இல்லாமல் மற்றொன்று இங்கே நடந்திருக்காது.

அதே நேரத்தில் நாட்டு வண்டியின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். குறுகிய இரும்புப் பட்டா கப்பிச் சாலையை அறுத்துவிடும் என்று சாலைப் பொறியாளர்கள் குறைபட்டார்கள். அது உண்மை. அச்சும் குடமும் உராய்வதில் மாட்டின் உழைப்பு வீணாகும் என்பதும் உண்மை. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி 1970களில் வண்டியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதியதும் பேசியதும் இந்தக் குறைகளைக் கண்டுதான். ஆனால் குறைகள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள்: பட்டாவின் அகலத்திலும் அச்சின் உராய்விலும். இரண்டும் இரும்பு சம்பந்தப்பட்டவை. வட்டையின் வளைவு சரியில்லை, மரவேலை தாங்கவில்லை என்ற குறை அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை.

இரும்பு விலை அதிகம் என்பதால்தான் கருவி குறைவாக இருந்தது, அதை அறிவென்று புகழ்வது வறுமைக்குப் பொட்டு வைப்பது என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு வந்த ஆட்சேபங்களில் வலுவானது இதுதான். இரும்பு அரிதாக இருந்த காலம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமை இரும்பு மலிந்து, சீமை வாளும் உளியும் கடைத்தெருவுக்கு வந்தபின் என்ன நடந்தது? கதவு, ஜன்னல், மேசை செய்யும் தச்சர்கள் தள்ளி அறுக்கும் வாளையும் இரும்பு இழைப்புளியையும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். வண்டி வேலையிலும் கலப்பை வேலையிலும் வாய்ச்சி மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கையில் கிடைத்தும் எடுத்துக்கொள்ளாத கருவி, தேவைப்படாத கருவி என்றே பொருள். கூலி முறையும் இதற்குத் துணை நிற்கிறது. ஊர் ஆசாரிக்குக் கலப்பை வேலைக்கான கூலி பெரும்பாலும் துண்டுக்கு இவ்வளவு என்று இல்லை. அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி; அதற்குச் சுதந்திரம் என்று பெயர். வருடம் முழுக்கப் பழுது பார்ப்பது அதற்குள் அடக்கம். கலப்பை உடைந்தால் அவர்தான் மறுபடி உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், கூடுதல் நெல் கிடையாது. அப்படியிருக்க, உடையாத கவட்டையைத் தேடிக் கண்மாய்க்கரையில் அரை நாள் நடப்பது அவருக்கு லாபம். புது வண்டிக்குத் தனியாகப் பணம் உண்டு. ஆனால் மரம் பார்க்கும் கண் கலப்பையில் பழகிய கண்தான். இந்த முறையில் நெல் அளக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவே மேல் கீழ் இருந்தது, தொழில் ஒரு சாதிக்குள் பூட்டிக் கிடந்தது, வீட்டுப் பெண்களின் கைக்கு உளி வரவில்லை. இதையெல்லாம் மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேச எனக்கு மனமில்லை. அறிவு உயர்வாக இருந்தது, அது பகிரப்பட்ட விதம் குறுகலாக இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அந்தக் குறுகல்தான் பிறகு அறிவையும் சேர்த்துக் கொண்டுபோனது. பிள்ளை வேறு வேலைக்குப் போனதும் எழுதி வைக்காத கணக்கு தகப்பனோடு முடிந்தது.

முடிவு வந்த வழியும் பொதுவாகச் சொல்லப்படுவதுபோல் இல்லை. மின்வாள் வந்து வாய்ச்சியை வென்றது என்பார்கள். சக்கரம் செய்வதற்காக ஒரு நல்ல எந்திரம் வந்து கைவேலையோடு போட்டியிட்டிருந்தால் அந்தச் சொல் பொருந்தும். நடந்தது வேறு: வளைந்த மரமே தேவைப்படாத வாழ்க்கை வந்தது. 1950களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்மோட்டார் பரவப் பரவக் கிணற்று மேட்டில் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலையும் அதன் உருளையும் ஓய்ந்தன. வண்டிக்கு ரப்பர் டயர் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது. நெல் நின்ற நிலத்தில் பல இடங்களில் திராட்சை ஏறியது; 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் போதும். மரச் சக்கரத்தின் தேவை இன்று முக்கியமாக வண்டிப் பந்தயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாடுகளைத் தரம் பிரித்து ஓட்டும் பந்தயங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் சாலைகளில் நடக்கின்றன. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது அவை நின்றன. 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. காளையின் நலன் பற்றிய வழக்கு அது; நியாயங்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஆரக்காலும் வட்டையும் பூட்டத் தெரிந்த கைகளுக்கு இருக்கும் மிஞ்சிய வேலையும் அந்த வழக்கோடு கட்டப்பட்டிருந்தது என்பதை மட்டும் இங்கே குறிக்க வேண்டும்.

கருவிகளைக் காப்பாற்றினால் கலையைக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்கள் வாய்ச்சியையும் உளியையும் சேகரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் நான் மேலே சொன்னது சரியென்றால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது கலையின் சிறிய பங்கு. பெரும் பங்கு கண்மாயில் இருக்கிறது, அங்கே நிலவரம் மோசம். 1980களில் சமூகக் காடு திட்டத்தில் தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நாட்டுக் கருவேலம் ஏராளமாக நடப்பட்டது. நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகளில் ஏலம் விட்டு, ஒட்டுமொத்தமாக வெட்டுவது அதன் முறை. நெருக்கத்தில் வளரும் மரம் வெளிச்சத்துக்காக நேரே மேலே போகும். கவட்டை விடவும் கிளை வளைக்கவும் அதற்கு இடமும் காலமும் கிடைப்பதில்லை. கரையோரத்தில் தனியாக நின்று காற்று வாங்கிக் கோணலாகி முதிர்ந்த மரம்தான் கலப்பை மரம். எஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் அதை வேரோடு அகற்றும் வேலை ஊர் ஊராக நடந்தபோது, முள்ளும் பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. மஞ்சள் பூ உருண்டையாகவும் காய் மணிமாலைபோல் இடையிடையே ஒடுங்கியும் இருப்பது நாட்டுக் கருவேலம். பூ கதிர்போல் நீண்டு தொங்குவது சீமைக்கருவேலம். பள்ளத்தாக்கின் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் இருபது முப்பது நாட்டுக் கருவேலங்களை இடைவெளி விட்டு நட்டு, வெட்டாமல் விட்டு வைக்க ஊராட்சிகள் முன்வரலாம். பந்தய வண்டிக்கு வட்டை தேடுகிறவருக்கு அங்கே வேலை இருக்கும்.